பன்னிரண்டு சதவீதம்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறி
ஆறு நாள்.
டோக்கன் இல்லை, கரண்ட் இல்லை.
தங்கச்சிமடத்தில் மழைக்கு மட்டும்
வேலைநிறுத்தம் இல்லை.

வள்ளத்துப் பேட்டரியைக் கழற்றி
வீட்டுக்குள் தூக்கி வந்தவன் ஜெர்சோம்,
பாட்டுக் கேட்க.
அதில் ஊர்ப் போன்களுக்கு உயிரேற்றலாம் என்று
நினைத்தது நான். பெருமைக்குச் சொல்லவில்லை,
ஏன் நினைத்தோம் என்று பிறகு நொந்திருக்கிறேன்.

ஐஸ் பெட்டி மூடிமேல் வரிசையாய்ப் போன்கள்.
முதுகில் பிளாஸ்திரி, பேனாவில் பெயர்:
பிரகாசி. இன்னாசி வீடு. ரசூல் கடை.
முனியசாமி (கண்ணாடி உடைசல், கவனம்).
மகளின் பிரசவத்துக்கு, நிவாரணப் பட்டியலுக்கு,
கேஸ் சிலிண்டருக்கு
எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள்.

திருவருகைக் காலம், மூன்றாம் ஞாயிறு.
கோயிலில் ரோஜா நிற மெழுகுவர்த்தி எரிந்தது.
சாமியார் விளக்கேந்திய பெண்களின் கதையைச் சொன்னார்.
எண்ணெய் தீர்ந்த ஐவருக்கு
வைத்திருந்த ஐவர் கொடுக்கவில்லை.
விழித்திருங்கள் என்றார்.
எனக்கு அந்தக் கதைமேல்
சின்ன வயசிலிருந்தே ஒரு மனத்தாங்கல்.
கொஞ்சம் ஊற்றியிருந்தால் என்னவாம்?
அணைந்தால் அணைகிறது,
இருட்டில் பத்துப் பேரும் சேர்ந்து நின்றிருக்கலாமே.
ஆண்டவர் வரட்டும், நேரிலேயே கேட்கிறேன்.

அன்று சாயங்காலம் எமல்டா வந்தாள்.
எங்களுக்குள் பேச்சு நின்று இரண்டு வருடம்.
ஒரு மாசி இரவில் அவள் வீட்டு விசைப்படகு
எங்கள் வலையைக் கிழித்துப் போனது. அறுபதாயிரம்.
இப்போது அந்தப் படகு அக்கரையில்,
அவள் புருஷன் யாழ்ப்பாணச் சிறையில்.
பட்டது போதும் என்று ஒரு மனம்,
படட்டும் என்று ஒரு மனம்.

போனை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.
'இடமில்லை' என்று சொல்ல
நுனிநாக்குவரை வந்துவிட்டது.
இந்த மாதத்தில் சொல்லக்கூடாத வார்த்தை அது.
விழுங்கினேன். கசந்தது.
பிளாஸ்திரியில் அவள் பெயரை எழுதினேன்,
மற்ற பெயர்களைவிடச் சின்னதாக.

விடியுமுன் அந்தப் போன்தான் அடித்தது.
தொண்ணூற்று நாலில் தொடங்கும் எண்.
'எமல்டா?'
'இல்ல. ஜெர்சோம் அம்மா.'
அந்தப் பக்கம் கடல் அகலத்துக்கு ஒரு மௌனம்.
'வார்டன் போனு. அஞ்சு நிமிசந்தான் குடுத்திருக்காரு.'
'வச்சிராத. ஓடுறேன்.'

தெருவில் முழங்கால் தண்ணீர்.
போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன்,
கதிர்ப்பாத்திரத்தைச் சாமியார் தூக்குவாரே, அப்படி.
தப்பென்றால் மன்னிக்கட்டும்.
ஸ்பீக்கரில் அவன் கேட்டுக்கொண்டே வந்தான்:
தண்ணி எதுவரைக்கும் ஏறியிருக்கு?
பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?
எனக்கெப்படித் தெரியும்,
அந்தத் தெருப்பக்கமே போகாதவளுக்கு?
'கேட்டுச் சொல்றேன்' என்றேன்.
வலைப் பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும்.

பெயர் தெரியாத ஒரு வார்டன் தந்த ஐந்து நிமிடத்தில்
மூன்று என் ஓட்டத்தில் போயிற்று.
எமல்டா போனைப் பிடுங்கினாள். கதவைச் சாத்தினாள்.
மழையில் நின்றேன்.
உள்ளே பேச்சுக் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.
கொடுக்கும்போது பார்த்தேன்,
சார்ஜ் பன்னிரண்டு சதவீதம்.

நன்றி சொல்ல வருவாள் என்று
பொழுதன்றைக்கும் வாசலைப் பார்த்தது உண்மை.
பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்க்க வேண்டும்.

மறுநாள் வந்தாள், கையில் வேறொரு போன்.
'பக்கத்து வீட்டு ரொசாரியோடது. இவுகளுக்கும் கொஞ்சம்.'
'பெரியவளுக்குக் காய்ச்சல்?'
'விட்ருச்சு.'
அவ்வளவுதான் பேச்சு.

பேட்டரி சாகக் கிடக்கிறது. ஜெர்சோம் முணுமுணுக்கிறான்.
நாலாவது மெழுகுவர்த்தி இன்னும் ஏற்றவில்லை.
பிளாஸ்திரி தீர்ந்துவிட்டது,
இனி வருகிறவர்களின் பெயரை
மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.